நாலு அட்டையும் நெய் டின்னும்



வழக்கமா நான் இங்க உபயக்காரர் பட்டியல், காய் நறுக்க வர்றவங்க பேரு, வெள்ளிக்கிழமை பூஜை நேரம், இப்படித்தான் போடுவேன். இன்னிக்குப் பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு, ஒரு தேத்தண்ணிய பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

ஆலய ஸ்டோர்ல நெய் டின் குறையுதுன்னு ஒரு வாரமா பேச்சு ஓடுது. புலனக் குழுவுல ஒரு குரல் பதிவும் சுத்துது. "அந்தத் தம்பி தொண்டுக்கு வர்ற நாள்லதான் குறையுது, மூணு தடவை நானே பாத்துட்டேன்" அப்படின்னு. பேரு சொல்லல. ஆனா யாரைச் சொல்றாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தத் தம்பியோட அம்மாவும் அதே குழுவுலதான் இருக்காங்க. அந்தப் பதிவுக்கு நான் இதுவரைக்கும் பதில் போடல. போடறதுக்கு முன்னாடி ஒரு வரலாற்றைச் சொல்லணும்னு தோணுச்சு. வெளிநாட்டுல நடந்த வரலாறுதான். ஆனா கதை நம்ம ஸ்டோர் வாசல் வரைக்கும் வரும்.

என் மகள் பல்கலைக்கழகத்துல உளவியல் படிக்கிறா. போன வருஷம் விடுமுறைக்கு வந்தப்போ சாப்பாட்டு மேசையில நாலு அட்டைய வச்சா. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேல தெரிஞ்சது இது: அ, க, 4, 7.

"அப்பா, ஒரு விதி சொல்றேன். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டை எண் இருக்கணும். இந்த விதி இந்த நாலு அட்டையில உண்மையா பொய்யான்னு பாக்க, எந்தெந்த அட்டையக் கண்டிப்பா திருப்பணும்?"

நான் யோசிக்கவே இல்ல. "அ, 4" அப்படின்னேன். முப்பது வருஷம் தரக்கட்டுப்பாடு பாத்தவன், எனக்கா தெரியாது. அவ சிரிச்சா. தப்பு.

நீங்களும் ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. விடைய கீழ சொல்றேன்.

இந்த அட்டை விளையாட்டக் கண்டுபிடிச்சவர் பீட்டர் வேசன். 1924ல இங்கிலாந்துல பாத் நகரத்துல பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்ல ராணுவத்துல வேலை பாத்தார். அப்புறம் ஆங்கில இலக்கியம் படிச்சு அதையே சொல்லிக்கொடுத்தார். அதுல மனசு நிக்காம உளவியலுக்கு மாறி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஆய்வுல உக்காந்தார். சதுரங்கத்துல பெரிய பைத்தியம். கடிதம் மூலமா ஆடுற சதுரங்கத்துல சர்வதேச மாஸ்டர் பட்டமே வாங்கினவர். அதாவது யோசிக்கிறது எப்படின்னு வாழ்நாள் பூரா யோசிச்ச மனுசன்.

அவருக்கு முன்னாடி இந்த விஷயத்தை யாரும் தொடலையான்னா, தொட்டாங்க. கிரேக்கத்துல அரிஸ்டாட்டில், கிறிஸ்து பிறக்குறதுக்கு முன்னூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே, ரெண்டு உண்மையிலேர்ந்து மூணாவது உண்மை எப்படி சரியா வரும், எப்படி வராதுன்னு முறை வகுத்துட்டார். நம்ம பக்கமும் உண்டு. மணிமேகலைய நாம கதையா மட்டும்தான் பேசுறோம். அதுல 29ஆவது காதையில, காஞ்சியில அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்குறார். எப்படியெல்லாம் வாதம் சரி மாதிரி தெரிஞ்சு தப்பாப் போகும்னு வகை பிரிச்சு, பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலின்னு பேரு வச்சு அடுக்குறார். போலின்னா பாக்க அசல் மாதிரியே இருக்கும், ஆனா அசல் இல்ல. பௌத்த நூல்தான், ஆனா தமிழ்ல இப்படி ஒரு பகுதி இருக்குன்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும். இத வச்சு "எல்லாத்தையும் நாங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டோம்"னு சொல்ல வரல. அவங்க எது தப்பான வாதம்னு சொன்னாங்க. புத்தியுள்ள மனுசன் அந்தத் தப்பை ஏன் செய்றான், எத்தனை பேர் செய்றாங்கன்னு ஆளை உக்கார வச்சு எண்ணிப் பாத்தது இருபதாம் நூற்றாண்டுலதான்.

நடுவுல ஒருத்தரைச் சொல்லாம விடக்கூடாது. பிரான்சிஸ் பேக்கன். 1620ல அவர் எழுதின நூவம் ஆர்கனம் அப்படிங்கிற லத்தீன் நூல்ல ஒரு பழைய கதைய எடுத்துச் சொல்றார். ரோமாபுரி சிசெரோவும் அதைச் சொல்லியிருக்கார், டயகோரஸ்ங்கிற கிரேக்கரோட கதையா. கடல்ல புயல்ல மாட்டினவங்க தெய்வத்துக்கு நேர்ந்துக்கிட்டு, உயிர் பிழைச்சு வந்து, நன்றிக்கடனா தங்கள் படத்த ஒரு கோயில்ல மாட்டியிருக்காங்க. சுவர் பூராவும் படம். அதை ஒருத்தர் காட்டி, "இப்பவாவது தெய்வசக்திய ஒத்துக்கிறீங்களா"ன்னு கேட்டார். அதுக்கு அந்த மனுசன் திருப்பிக் கேட்டாராம், "நேர்ந்துக்கிட்டும் மூழ்கிப் போனவங்க படம் எங்க இருக்கு?"

இதைப் படிச்சப்போ எனக்கே முதல்ல சுருக்குன்னுச்சு. நானும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன், பிள்ளைக்கு முடியிறக்கினவன். டயகோரசுக்கு நாத்திகர்னு பேரு, சரி. ஆனா பேக்கன் நாத்திகர் இல்ல, நாத்திகத்தை எதிர்த்துக் கட்டுரையே எழுதினவர். அவர் அந்தக் கதைய எடுத்தது சுவரைப் பத்திச் சொல்றதுக்கு. சுவர்ல மாட்டினது மட்டும்தான் கண்ணுல படும், மாட்டாதது படாது. மனுசனுக்கு ஒரு கருத்து பிடிச்சுப்போச்சுன்னா அதுக்கு ஒத்துவர்றத எல்லாம் இழுத்துச் சேத்துக்குவான், ஒத்துவராதது எத்தனை இருந்தாலும் ஒதுக்கிடுவான்னு அவர் அங்க எழுதுறார். நேர்த்திக்கடன் வைக்கிறது பக்தி. மாட்டின படத்த மட்டும் எண்ணிட்டுக் கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்றது வேற.

பேக்கன் சொன்னதுக்கு முன்னூறு வருஷம் கழிச்சுத்தான் பரிசோதனை ஆரம்பிச்சுது. 1928ல அமெரிக்காவுல மின்னா வில்கின்ஸ், 1935ல உட்வொர்த்தும் செல்சும், 1944ல போர் நடக்கும்போதே மார்கனும் மார்ட்டனும். இவங்க எல்லாரும் மாணவர்கள்கிட்ட அரிஸ்டாட்டில் பாணிக் கணக்கைக் கொடுத்துப் பாத்தாங்க. சொந்தக் கருத்து உள்ள நுழைஞ்சா தருக்கம் வளையுதுன்னு தெரிய வந்தது. அதை ரொம்பத் தெளிவாக் காட்டின கணக்கு பின்னாடி வரும்.

இப்ப வேசன்கிட்ட வருவோம். 1960ல அவர் வெளியிட்ட முதல் பரிசோதனை ரொம்ப எளிது. 2, 4, 6 அப்படின்னு மூணு எண்ணைக் கொடுத்தார். "இது என் மனசுல இருக்குற ஒரு விதிக்குப் பொருந்துது. நீங்க வேற மூணு மூணு எண்ணாச் சொல்லுங்க. பொருந்துதா இல்லையான்னு சொல்றேன். விதி என்னன்னு உறுதியானதும் சொல்லுங்க."

நாம என்ன சொல்வோம்? 8, 10, 12. பொருந்துது. 20, 22, 24. பொருந்துது. 100, 102, 104. பொருந்துது. "ரெண்டு ரெண்டாக் கூடுது, அதான் விதி!" இல்லைம்பார். அவர் மனசுல இருந்த விதி, எண்கள் ஏறுவரிசையில இருக்கணும், அவ்வளவுதான். 1, 7, 50 சொன்னாலும் பொருந்தும். ஆனா அப்படிச் சொல்லிப் பாக்க நம்ம மனசு போகாது. நம்ம ஊகத்துக்கு ஒத்துவர்ற எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுத்து, ஆமா ஆமான்னு வாங்கிக்கிட்டு, நிச்சயமாயிட்டோம்னு நினைச்சுக்குவோம். அந்தப் பரிசோதனையில கலந்துக்கிட்டவங்க 29 பேர். தப்பா ஒண்ணும் சொல்லாம நேரா சரியான விதிக்கு வந்தவங்க 6 பேர்தான்.

கார்ல் பாப்பர்னு ஒரு தத்துவ அறிஞர், லண்டன்லயே இருந்தவர். ஒரு கொள்கைய ஆயிரம் தடவை சரின்னு காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது, எங்க உடையும்னு தேடிப் பாக்குறதுதான் அறிவியல்னு சொன்னவர். அவரோட முக்கிய நூல் 1959லதான் ஆங்கிலத்துல வந்தது. வேசனுக்கு அந்தச் சிந்தனையில ஈடுபாடு. விஞ்ஞானி அப்படிச் செய்யணும்னு பாப்பர் சொல்றார், சாதாரண மனுசன் செய்றானான்னு இவர் பாத்தார். செய்யல.

1966ல வந்ததுதான் நாலு அட்டை. இங்கிலீஷ் எழுத்துல செஞ்சார், என் மகள் தமிழ்ல மாத்தி வச்சிருந்தா. இப்ப விடை: அ, 7. இந்த ரெண்டு மட்டும்தான் திருப்பணும்.

ஏன்னு பாருங்க. அ உயிரெழுத்து. பின்னாடி ஒற்றை எண் இருந்தா விதி உடைஞ்சுது, அதனால திருப்பணும். க உயிரெழுத்தே இல்ல, விதிக்கு அதோட வேலை இல்ல. 4 இரட்டை எண். இதுலதான் நாம எல்லாரும் விழுறோம். 4க்குப் பின்னாடி உயிரெழுத்து இருந்தா விதிக்கு ஒத்துவருது, சந்தோசம். க இருந்தா? அதுவும் தப்பில்ல, ஏன்னா இரட்டை எண்ணுக்குப் பின்னாடி உயிரெழுத்துதான் வரணும்னு விதி சொல்லவே இல்ல. எது வந்தாலும் விதி உடையாதுன்னா அதைத் திருப்பி என்ன பிரயோசனம்? ஆனா 7ஐத் திருப்பி அங்க அ இருந்துச்சுன்னா, விதி அந்த இடத்துலயே செத்துப்போச்சு. அந்த அட்டைய நாம தொடவே மாட்டோம்.

வேசனும் அவரோட மாணவர் ஜான்சன் லேர்டும் நாலு பரிசோதனையோட முடிவச் சேத்து எண்ணினாங்க. மொத்தம் 128 பேர், படிச்ச பிள்ளைங்க. அ, 4 மாதிரி எடுத்தவங்க 59 பேர். அ மட்டும் எடுத்தவங்க 42. சரியா எடுத்தவங்க 5. அஞ்சே அஞ்சு பேர். அதைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, மறைக்கல.

அதை விட ஆச்சரியம், வேசன் சில பேருக்கு அட்டையத் திருப்பியே காட்டினார். 7க்குப் பின்னாடி உயிரெழுத்து. "விதி உடைஞ்சுதா?" "உடைஞ்சுது." "அப்ப இதைத் தேர்ந்தெடுத்திருக்கணும்தானே?" "தேவையில்ல" அப்படின்னு அடம் பிடிச்சவங்க இருந்திருக்காங்க. கண்ணு பாக்குது, வாய் ஒத்துக்குது, ஆனா முதல்ல எடுத்த முடிவை மாத்த மனசு வரல. பேக்டரியில இதை நான் தினம் பாக்குறேன். கண்ணாடியிலயும் பாக்குறேன்.

சரி, மனுசனுக்குத் தருக்கமே வராதான்னு கேட்டா, அதுவும் இல்ல. 1982ல அமெரிக்காவுல ப்ளோரிடா பல்கலைக்கழகத்துல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு பேர் அதே நாலு அட்டைய வேற மாதிரி கொடுத்தாங்க. நீங்க ஒரு போலீஸ்காரர். பீர் குடிக்கிறவருக்கு 19 வயசுக்கு மேல இருக்கணும், அப்ப அந்த மாநிலத்துச் சட்டம் அது. நாலு அட்டை, நாலு ஆள்: பீர் குடிக்கிறவர், கோக் குடிக்கிறவர், 22 வயசுக்காரர், 16 வயசுக்காரர். யாரைச் சோதிப்பீங்க? நாலுல மூணு பங்குக்குக் கிட்டத்தட்ட சரியாச் சொன்னாங்க. பீர் குடிக்கிறவரோட வயசப் பாக்கணும், 16 வயசுக்காரர் கையில என்ன இருக்குன்னு பாக்கணும். 22 வயசுக்காரர்கிட்ட போகவே வேண்டாம். அட்டையோட அமைப்பு அதேதான், ஒரு துளி மாறல.

ஏன் இதுல மட்டும் புத்தி வேலை செய்யுதுன்னு அறிஞர்கள் இன்னும் வாதம் பண்றாங்க. லேடா காஸ்மைட்ஸ்ங்கிற அம்மா 1989ல, ஏமாத்துறவனைப் பிடிக்கிறதுல மனுசப் புத்தி இயல்பாவே கூர்மைன்னு எழுதினாங்க. பழகின விதிங்கிறதாலன்னு வேற சிலர். எது சரியோ. எனக்கு உறைச்சது இது: விதி ஏற்கனவே இருந்து, அதை எவன் மீறுறான்னு பாக்கச் சொன்னா நாம கெட்டிக்காரங்க. நம்ம சந்தேகமே சரியான்னு சோதிக்கச் சொன்னாத்தான் 4ஐத் திருப்பிக்கிட்டு நிக்கிறோம்.

மேல சொன்ன இன்னொரு கணக்கு. அதையும் சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆலய விஷயத்துல அதுவும் இருக்கு.

எல்லாப் பூவும் வாடும். மல்லிகை வாடும். ஆகவே மல்லிகை பூ. சரியா? பெரும்பாலும் சரின்னுதான் சொல்வோம். இப்ப இதைப் பாருங்க. எல்லாப் பூவும் வாடும். கீரை வாடும். ஆகவே கீரை பூ. சிரிப்பு வருது. ஆனா ரெண்டும் ஒரே வாதம். முதலாவதுல முடிவு உண்மைங்கிறதால வழி தப்புன்னு நம்ம கண்ணுக்குத் தெரியல.

வேசன்கிட்ட படிச்ச ஜோனாதன் எவன்ஸ், ஜூலி பார்ஸ்டன், பால் பொல்லார்டோட சேந்து 1983ல இந்த மாதிரி வாதங்களை மாணவர்கள் முன்னாடி வச்சார். முடிவு உண்மையான்னு பாக்காதீங்க, முன்ன சொன்னதுலேர்ந்து முடிவு வருதான்னு மட்டும் பாருங்கன்னு சொல்லிட்டுத்தான் கேட்டாங்க. தப்பான வாதம், ஆனா முடிவு நம்புற மாதிரி இருந்தா 71 விழுக்காடு ஒத்துக்கிட்டாங்க. அதே தப்பான வாதம், முடிவு நம்ப முடியாததுன்னா 10 விழுக்காடுதான். சரியான வாதமா இருந்தும் முடிவு பிடிக்கலன்னா பாதிக்குக் கொஞ்சம் மேல, 56 விழுக்காடுதான் ஒத்துக்கிட்டாங்க. முடிவு பிடிக்காதப்போ நாம நீதிபதி மாதிரி ஒவ்வொரு வரியையும் கிண்டுறோம். பிடிச்சிருந்தா ஆராயாமலே கையெழுத்து.

இப்ப என் கதை. இதை இத்தனை வருஷமா யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல, வீட்டுக்காரம்மாவைத் தவிர.

2011. நான் பிளாஸ்டிக் அச்சு வார்ப்புப் பகுதிக்கு நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு மெஷின்ல பாலிகார்பனேட் மூடி ஓடுது. அந்த மணிய டிரையர்ல 120 டிகிரியில நாலு மணி நேரம் போல காய வச்சுத்தான் மெஷினுக்குள்ள விடணும். ஈரம் இருந்தா பொருள் மேல வெள்ளி வெள்ளியாக் கோடு விழும், அத்தனையும் ரிஜெக்ட். மூணு வாரமா சில இரவுல அந்தக் கோடு விழுந்து பெட்டி பெட்டியாத் தள்ளினோம். மேலேர்ந்து என்னைக் கேக்குறாங்க. அந்த மெஷின்ல ஒரு நேப்பாளத் தம்பி, வந்து நாலு மாசம். மொழி சரியா வராது. காய்றதுக்கு முன்னாடியே இவன் மணிய விட்டுடறான்னு எனக்கு ஒரு எண்ணம்.

ரிஜெக்ட் புத்தகத்தை எடுத்தேன். ரிஜெக்ட் எகிறின இரவு ஆறு. ஆறுல அஞ்சு இரவு அவன் பேரு. எனக்கு வேற என்ன வேணும்? அறிக்கை எழுதினேன். அவனை பேக்கிங் பகுதிக்கு மாத்தினாங்க. ஓட்டி போச்சு, நைட் அலவன்ஸ் போச்சு. அவன் என்கிட்ட வந்து கைய ஆட்டி ஆட்டி டிரையரைக் காட்டி என்னமோ சொன்னான். "போய் வேலையப் பாரு"ன்னேன். அந்த வருஷ முடிவுல அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. காரணம் இதுதான்னு யாரும் சொல்லல, ஆனா பைல்ல என் அறிக்கை இருந்துச்சு. அவன் ஊருக்குப் போயிட்டான்.

அடுத்த வருஷமும் கோடு விழுந்துச்சு. இப்ப மெஷின்ல நம்ம ஊர்க்காரர், பதினஞ்சு வருஷ அனுபவம். ரிப்பேர் பண்ற சீனப் பெரியவர் டிரையரைப் பிரிச்சுப் பாத்தார். உள்ள ஒரு ஒயர் தளர்ந்து, ஹீட்டர் அப்பப்ப நின்னுடுது. வெளிய முகப்புல மட்டும் 120ன்னு நிக்குது. அந்தப் பையன் கையாலக் காட்டினது அதைத்தான்.

என் மகள் அட்டைய வச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் பேக்டரியில பழைய பைல் கட்டுலேர்ந்து அந்த மூணு வாரப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நல்ல இரவுகளோட பக்கத்தைத் திறந்தேன், அதாவது 7ஆம் அட்டைய. 18 இரவுல ரிஜெக்ட் இல்லாத இரவு 12. அந்தப் பன்னண்டுல ஒன்பது இரவு மெஷின்ல நின்னது அவன்.

"அவன் நின்னா எப்பவும் கெடும்னு சொல்லல, அதிகமாக் கெடும்னுதான் சொன்னேன்"னு நான் தப்பிக்கலாம். அதுக்கும் கணக்கு அங்கேயே இருந்துச்சு. அவன் நின்னது 14 இரவு, கெட்டது 5. அவன் இல்லாதது 4 இரவு, கெட்டது 1. மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. இவ்வளவு சின்னக் கணக்குல அது ஒரு வித்தியாசமே இல்ல. அந்த மெஷின்ல முக்கால்வாசி இரவு நின்னவன் அவன்தான், அப்ப கெட்ட இரவுல அவன் பேரு இருக்காம யார் பேரு இருக்கும்? புத்தகம் அன்னிக்கும் என் மேசை மேலதான் கிடந்துச்சு. பக்கத்தைத் திருப்ப அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அவன் முழுப் பேரும் எனக்கு நினைவு இல்ல, அறிக்கையில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதனாலதான் அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. "மூணு தடவை பாத்தேன்"னு சொல்ற அண்ணன் பொய் சொல்லல. அவர் கண்ணால பாத்ததுதான். குறைஞ்ச நாள்ல போய்ப் பாத்தார், தம்பி பேரு இருந்துச்சு. நானும் அப்படித்தான் பாத்தேன். அந்தத் தம்பி வாரத்துல நாலு நாள் வர்றவர். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் விசேஷ நாள்ல மட்டும்தான் தலைகாட்டுறோம், நான் உள்பட. அப்ப எந்த நாள் எது குறைஞ்சாலும் அவர் பேரு அதுல இருக்கத்தான் செய்யும். உண்மையைச் சொன்னா, அவர் தோற்றத்தையும் முன்ன அவர் பழகின ஆட்களையும் வச்சு, இந்த முடிவு பல பேருக்கு நம்புற மாதிரியும் இருக்கு. மல்லிகை மாதிரி.

அவர் எடுக்கலன்னு நான் சாட்சி சொல்லல. எனக்குத் தெரியாது. நெய் எடுத்த ஆள் யாரோ இருக்கலாம், அளவு எழுதுறதுல தப்பு இருக்கலாம், திருவிழாவுக்குத் திறந்த டின்னைக் கணக்குல சேக்காம விட்டிருக்கலாம். அவர் வராத நாள்ல குறைஞ்சிருக்கா, அவர் வந்தும் குறையாத நாள் எத்தனை, இதை இதுவரைக்கும் யாரும் பாக்கல.

தொண்டர் வருகைப் புத்தகமும் ஸ்டோர் இருப்புப் புத்தகமும் ஆபீஸ் அலமாரியிலதான் இருக்கு. தலைவர் ஐயாகிட்ட பேசிட்டேன், சாவி தர்றேன்னுட்டார். வர்ற சனிக்கிழமை சாயரட்சை பூஜை முடிஞ்சதும் மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில உக்காருவோம். குரல் பதிவு போட்ட அண்ணனும் கண்டிப்பா வரணும், அவர் இல்லாம வேண்டாம். அந்தத் தம்பிக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன், விருப்பம்னா வரட்டும். தைப்பூசத்துலேர்ந்து எல்லாப் பக்கத்தையும் பாக்கணும், நெய் குறைஞ்ச நாள் மட்டும் இல்ல. அதுவரைக்கும் அந்தக் குரல் பதிவை வேற குழுவுக்கு அனுப்பாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

வர்றவங்க மூக்குக் கண்ணாடிய மறக்காம கொண்டு வாங்க. ஸ்டோர் புத்தகத்துல எழுத்து ரொம்பப் பொடிசு.